இரண்டாவது வலை

நாள் கணக்காக வீசிய மேற்குக் காற்று அன்று காலையில்தான் ஓய்ந்தது. ஹியூமா தீவின் அந்தச் சின்னத் துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டு அமைதியாக நின்றன.

ஹெல்வி தன் படகின் கயிறுகளை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பெட்டிகளில் வலைகள் காய்ந்து கிடந்தன. ஐம்பதைத் தாண்டியவள், அப்பாவுக்குப் பிறகு அவருடைய தொழில் உரிமத்தையும் படகையும் வாங்கிக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போகிறவள். காற்று அடித்தால் வேலை இல்லை. வேலை இல்லாத நாட்களில் அவளுக்கு யாரைப் பார்த்தாலும் கோபம் வரும்.

இந்த முறை தம்பி மேல்.

துறைமுகக் கூட்டத்தில், "குடாவில் வீட்டு வலைகளைக் குறைக்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்று கேட்டபோது ஹெல்வி கை தூக்கினாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ராய்வோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. எதிரெதிரே வந்தால் இருவருமே கடலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ராய்வோவிடம் இருந்தது வீட்டு வலை. அனுமதி வாங்கி ஒரே ஒரு செவுள் வலை போடலாம். பிடிப்பதை வீட்டில் சமைக்கலாம், பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுக்கலாம். விற்கக் கூடாது. ஹெல்வியுடையது தொழில் வலை. அவள் விற்கலாம், விற்றால்தான் அடுப்பெரியும். இரண்டு வலைக்கும் ஒரே நூல், ஒரே கண்ணி. ஆனால் குடா சின்னது. கோடை முழுக்க அதில் யார் யாருடைய மிதவைகளோ ஆடிக்கொண்டிருந்தன. அவளுடைய வலை அவற்றோடு சிக்கிக் கிழிந்தது எத்தனையோ தடவை.

காபி குடிக்கலாம் என்று அவள் துறைமுகத்தின் ஓரத்தில் இருந்த சாப்பாட்டுக் கடைக்கு நடந்தாள். கடை ராய்வோவின் மனைவி மெரிகேயுடையது. கணவன் அக்காவோடு பேசாவிட்டாலும் மெரிகே பேசினாள். ஹெல்வியின் மீன் இல்லாமல் அந்தக் கடை நடக்காது, மெரிகேயின் கடை இல்லாமல் ஹெல்வியின் மீனில் பாதி விற்காது.

வாசல் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது: இன்று ஹெல்வியின் மீன். புகைபோட்ட தட்டை மீன், உருளைக்கிழங்கு.

ஹெல்வி அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு கடையைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனாள்.

"மெரிகே, பலகைல என் பேரு இருக்கு."

"எப்பவும் இருக்கறதுதானே."

"நான் கடலுக்குப் போய் எத்தனை நாளாச்சு? என் படகு வாசல்லயே நிக்குது."

மெரிகே உருளைக்கிழங்குப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். வெந்திருக்கவில்லை. மூடினாள். மேசைமேல் தட்டை மீன்கள் பொன்னிறமாக அடுக்கியிருந்தன. புகை வாசனை இன்னும் சூடாக இருந்தது.

"காலைக் கப்பல்ல பாட்டுக் குழு வருது, ஹெல்வி. அந்தக் கரையிலேருந்து. மீன் சாப்பாடு இருக்குன்னு சொல்லித்தான் வரச் சொன்னேன். காத்து அடிக்கும்னு எனக்குத் தெரியுமா?"

"ராய்வோ பிடிச்சதா?"

"நாணல் பக்கம் போட்டான். அங்கதான் காத்து படாதே."

"இன்னிக்கு மட்டும்தானா?"

மெரிகே கத்தியை எடுத்து, சுத்தமாக இருந்த கத்தியை மேலங்கியில் துடைத்தாள்.

"மெரிகே."

"கோடையிலேருந்து."

ஹெல்வி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கத்த வேண்டும் என்று தோன்றியது. கத்த வரவில்லை.

"என் பேரைப் போட்டு வித்திருக்கீங்க."

"உன் பேரு இருந்தாத்தான் சாப்பிடறாங்க. யாரு பிடிச்சதுன்னு ஒவ்வொருத்தரும் கேக்கறாங்க. ஒரு பொம்பளை தனியாப் படகுல போறான்னு சொன்னா ரெண்டு துண்டு சேத்து வாங்கறாங்க. நான் என்ன செய்ய?"

"மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? அவனுக்கு அபராதம். கொஞ்ச நாளைக்கு அனுமதி கிடையாது. எனக்கு? வீட்டு வலை மீனைத் தொழில் மீன்னு சொல்லி விக்கறேன்னு என் உரிமத்தையே பிடுங்கிடுவாங்க. அப்பாவோட உரிமம் மெரிகே. போனா திரும்பி வராது."

"யாரு வந்து பாக்கப் போறாங்க இந்த மூலைல?"

கடையின் முன்பக்கம் கதவு மணி அடித்தது.

வந்தவர் ஊர்மஸ். மீன் ஆய்வாளர். உயரமான, மெதுவாகப் பேசும் ஆள். காற்று ஓய்ந்த முதல் நாளே தீவுக்கு வந்துவிடுவது அவர் வழக்கம். பசித்தவர்கள் எல்லாரும் அன்றுதான் கடலுக்கு ஓடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பலகையைப் பார்த்தபடி, "மீன் ஒரு தட்டு குடுங்க மெரிகே. வாசனை கப்பல் வரைக்கும் வருது" என்றார்.

மெரிகே ஹெல்வியைப் பார்த்தாள். தட்டைக் கொண்டுபோய் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கறுப்பு ரொட்டி இரண்டு துண்டும் வெண்ணெயும் சேர்த்து வைத்தாள்.

ஊர்மஸ் தோலை அழகாக உரித்தார். ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு. சாப்பிட்டுக்கிட்டே இதைக் கேக்கறதுக்குச் சங்கடமாத்தான் இருக்கு." சமையலறை வாசலில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். "ஹெல்வி, இந்தக் காத்துல எப்படி நீங்க கடலுக்குப் போனீங்க?"

ஒரு வார்த்தை போதும். நாணல் பக்கம் போட்டேன் என்று சொன்னால் போதும். அவள் அங்கே வலை போடக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஹெல்விக்குக் கூட்டத்தில் தூக்கிய கை ஞாபகம் வந்தது. ஊர் பார்க்கத் தம்பிக்கு எதிராகத் தூக்கிய கை. இப்போது அதே தம்பிக்காகப் பொய் சொன்னால், அன்று தூக்கியதற்கு என்ன அர்த்தம்?

"நான் போகல," என்றாள். "இது என் மீன் இல்ல."

"அப்ப யாரோடது?"

"அதை என் வாயால சொல்ல மாட்டேன். என்னோடது இல்ல, அவ்வளவுதான்."

ஊர்மஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். மெரிகே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்கதவு திறந்தது.

ராய்வோ இரண்டு கைகளாலும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். ரப்பர் காலணியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. பெட்டி நிறைய தட்டை மீன். மேலே கிடந்தவை இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தன. மூன்று பேரையும் பார்த்ததும் நின்றான்.

ஊர்மஸ்தான் ஆரம்பித்தார். குரலில் அவசரம் இல்லை.

"வீட்டுக்கா, ராய்வோ?"

அவன் தப்பித்துப் போக அவரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது போல் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போயிருக்கலாம். மெரிகேயின் கண் அதைத்தான் கெஞ்சியது.

ராய்வோ பெட்டியைக் கீழே இறக்கினான்.

"ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு இவ்வளவு எதுக்கு? விக்கத்தான். தட்டுல இருக்கறதும் நான் பிடிச்சதுதான். இதுவரைக்கும் வித்தது எல்லாமே. அக்காவுக்கு இது எதுவும் தெரியாது."

"பலகைல அவங்க பேரு இருக்கே?"

"அது நான் எழுதினது," என்றாள் மெரிகே.

ஊர்மஸ் பெருமூச்சு விட்டார். கணவன் சொன்னதையும் மனைவி சொன்னதையும் குறித்துக்கொண்டார். அந்தப் பெட்டியையும் சமையலறை மேசைமேல் இருந்த மீனையும் தான் எடுத்துக்கொள்வதாகவும், காலையில் தூக்கிய வலையை ஒப்படைக்க வேண்டும் என்றும், ஹெல்வியை இதில் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை என்றும் சொன்னார். தட்டில் மிச்சமிருந்த மீனைப் பார்த்தார். அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை.

ஹெல்வி வெளியே வந்தாள். தப்பித்தது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. படகில் ஏறி, வலைப் பெட்டிகளை நகர்த்தி, இயந்திரத்தைக் கிளப்பினாள். காற்று ஓய்ந்த நாளில் கரையில் நிற்பது பாவம்.

படிக்கட்டின்மேல் காலடிச் சத்தம் கேட்டது. ராய்வோ ஓடி வந்தான். பின்னாலேயே ஊர்மஸ்.

"எந்தப் பக்கம் போற?"

பல நாட்களுக்குப் பிறகு தம்பி பேசிய முதல் வார்த்தை. ஹெல்வி நிமிராமல், "கடல்நாய்ப் பாறைப் பக்கம்" என்றாள்.

"அங்க போகாத."

"நீ யாருடா என்னைப் போகாதங்கறதுக்கு?"

"போகாத அக்கா. வலை கிடக்கு. மிதவை இல்ல. உன் படகு விசிறில சுத்திக்கும்."

ஹெல்வி இயந்திரத்தை நிறுத்தினாள். பாறைக்குப் பக்கத்தில் விசிறி சிக்கினால் படகு எங்கே போய் மோதும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"யாரோட வலை?"

ராய்வோ பின்னால் நின்ற ஊர்மஸை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவர் காதில் விழும் தூரத்தில்தான் நின்றார்.

"என்னோடதுதான். ரெண்டாவது வலை. காத்துக்கு முன்னாடி போட்டேன். யார் கண்லயும் படக்கூடாதுன்னு மிதவை கட்டல. என் தோணில அங்க போய் எடுக்க முடியல."

ஊர்மஸ் தொப்பியைத் தலையில் வைத்தார். "முதல் வலைக்கு அபராதத்தோட முடிஞ்சிருக்கும் ராய்வோ. இது வேற."

"தெரியும்."

"சொல்லாம இருந்திருக்கலாம்."

"அவ அந்தப் பக்கம் போறேங்கறாளே!"

ஹெல்வி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். மீசையில் உப்பு காய்ந்திருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை.

"ஏறுங்க ரெண்டு பேரும்," என்றாள். "போய் எடுத்துட்டு வருவோம்."

காற்றுதான் ஓய்ந்திருந்தது, கடல் ஓயவில்லை. குடாவைத் தாண்டியதும் நீளமான, எண்ணெய் பூசியது போன்ற அலைகள் படகைத் தூக்கித் தூக்கி இறக்கின. ஊர்மஸ் முன்பக்கம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். பிறகு படகின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்ட மீனைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தார்.

"உங்க ஆதாரமும் போச்சு," என்றான் ராய்வோ.

ஊர்மஸ் தலையைத் தூக்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

கரையில் தெரிந்த தேவாலயக் கூம்பு பெரிய பைன் மரத்துக்கு நேராக வந்ததும், இதுதான் இடம் என்று ராய்வோ நிறுத்தச் சொன்னான். கொக்கியைக் கயிற்றில் கட்டி எறிந்தான். மூன்றாவது எறியில் கனமாக ஏதோ பிடித்தது.

ஹெல்வி வலையின் மேலோரக் கயிற்றைப் பிடித்தாள். ராய்வோ ஈயம் கோத்த அடிக்கயிற்றைப் பிடித்தான். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அலை தூக்கும்போது நிறுத்தினார்கள், இறங்கும்போது இழுத்தார்கள்.

வலை சுருண்டு, பாசி அப்பி, கறுத்து வந்தது. மீன் இருந்தது, ஆனால் பாதி தலைகள் மட்டுமே. உடம்பைக் கடல்நாய்கள் கடித்துக்கொண்டு போயிருந்தன. மிச்சம் கிடந்தவை கை பட்டதும் குழைந்தன. ஒரு பெரிய கடல்வாத்து, வெள்ளையும் கறுப்புமாக, கழுத்தில் நூல் இறுகிச் செத்திருந்தது.

ராய்வோ அதை மெதுவாகக் கழற்றினான். நூலை அறுக்காமல், ஒவ்வொரு இறகாக. தண்ணீரில் விட்டான். அது கொஞ்ச தூரம் மிதந்து போனதை இருவரும் பார்த்தார்கள்.

"இதுக்குத்தான் கை தூக்கினேன்," என்றாள் ஹெல்வி.

"தெரியுது."

கொஞ்ச நேரம் இழுத்த பிறகு ராய்வோ ஆரம்பித்தான்.

"அப்பா படகை உனக்குக் குடுத்தாரு, அதுக்கு நான் ஒரு நாளாவது குறை சொல்லியிருக்கேனா? நான் பின்லாந்துல கூரை வேலை பாத்துட்டு இருந்தேன். நீ இங்க இருந்தே. சரி. ஆனா அன்னிக்கு ஒரு தடவை திரும்பி என் முகத்தைப் பாத்துட்டுத் தூக்கியிருக்கலாம்."

"நீ பின்னாடி உக்காந்திருந்தது எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

ஹெல்வி யோசித்தாள். "தூக்கித்தான் இருப்பேன்."

ராய்வோ சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. முன்னால் இருந்து ஊர்மஸ், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஈனக்குரலில் கேட்டார்.

வலை முழுவதும் படகுக்குள் வந்து ஈரக் குவியலாகக் கிடந்தது. ஹெல்வி படகைக் கரைப்பக்கம் திருப்பினாள். அவள் மனதில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தொழில் படகில் கூட ஓர் ஆளை வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. இதுவரை யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. அதை எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடினாள்.

"ராய்வோ, வர்ற வாரத்துலேருந்து நீ..."

"வர்ற வாரம் நான் இருக்க மாட்டேன் அக்கா."

"எங்க போற?"

"துர்கு. திரும்பவும் பின்லாந்துதான். பழைய மேஸ்திரி கூப்பிட்டான். திங்கக்கிழமை கப்பல்." அவன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மீன் வித்தாவது இங்கேயே இருந்துடலாம்னு பாத்தேன். ஆகல. மெரிகேகிட்ட இன்னும் சொல்லல. நீயும் சொல்லிடாத."

காலையில் இதே வாயால் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. இப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறான். ஹெல்வி படகை ஓட்டினாள்.

துறைமுகத்தில் மெரிகே காத்திருந்தாள். தோளில் சால்வை, கையில் சூடான தேநீர்க் குடுவை. கடையின் ஜன்னல்கள் திறந்திருந்தன. உள்ளே பாட்டுக் குழு சாப்பிட்டு முடித்துவிட்டு ஏதோ பாட்டை மெதுவாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

ஊர்மஸ் முதல் ஆளாகக் கரையில் கால் வைத்தார். கல்லைத் தொட்டுக் கும்பிடாத குறை. மெரிகே கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டு, வலையை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"பேசினீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் மெரிகே.

"பேசினோம்," என்றான் ராய்வோ.

"என்ன பேசினீங்க?"

அவன் அக்காவைப் பார்த்தான். ஹெல்வி கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீயே சொல்லு," என்றாள். "நான் இங்கதான் நிக்கறேன். நீ சொல்ற வரைக்கும் போக மாட்டேன்."

ராய்வோ ஈரக் காலணியைக் கல்லில் தேய்த்தான். மெரிகேதான் பேசினாள்.

"துர்கு மேஸ்திரி போன் பண்ணினான். போன வாரம், உன்கிட்ட பேசறதுக்கு முன்னாடி. நீ குடாவுக்குப் போயிருந்தே, நான்தான் எடுத்தேன்."

ராய்வோ சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "என்ன சொன்னே?"

"அங்க வேலை செய்யறவங்களுக்குச் சமையல் செய்ய ஆள் வேணுமான்னு கேட்டேன்."

"மெரிகே..."

"நீ போன தடவை போய் எத்தனை வருஷம் அங்கேயே இருந்தே? திரும்பவும் நான் ஜன்னல் கிட்ட உக்காந்து கப்பலை எண்ணிக்கிட்டு இருக்கணுமா? வேணும்னு சொல்லிட்டான். நானும் வரேன்."

ஹெல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இந்தக் கடை?"

"அதை நீ எடுத்து நடத்துவியான்னுதான் உன்கிட்ட பேசணும், ஹெல்வி. பேசலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா யோசிச்சுட்டு இருக்கேன். காலைல நீ உள்ள வந்தப்பவே கேட்டிருப்பேன், நீ வந்த வேகத்தைப் பாத்துட்டு விட்டுட்டேன்."

குடா அவர்களுக்குப் பின்னால் விரிந்து கிடந்தது. காற்றுக்குப் பயந்து மற்றவர்கள் வலைகளை முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள், தண்ணீரில் ஒரு மிதவைகூட இல்லை. கூட்டத்தில் கையைத் தூக்கி அவள் கேட்டது இதைத்தான். இப்படி வெறுமையாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"முதல்ல சாப்பிடுவோம்," என்றாள் ஹெல்வி.

"மீன் இல்ல. பாட்டுக் குழுவுக்கும் முட்டைதான் போட்டேன். ஒருத்தி பாட மாட்டேன்னுட்டா."

"முட்டை போதும்."

அவள் தம்பியின் ஈரச் சட்டைக் கையை எட்டிப் பிடித்தாள். சின்ன வயதில் கப்பல் துறைக் கூட்டத்தில் அவன் தொலைந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நடந்தது போல. கடை வாசல் வந்தது. உள்ளே பாட்டு நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.